கட்டை யார் கையில் இருந்தது

ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகும் சாலையை விட்டு இறங்கி, குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக் காடுகளுக்கு நடுவே மண்பாதையில் கொஞ்ச தூரம் போனால் கண்ணுசாமியின் ஜவ்வரிசி மில் வரும். மில் கண்ணில் படும் முன்பே புளித்த மாவு வாடை மூக்கில் ஏறிவிடும். சீசன் தொடங்கிவிட்டால் வாசலில் கிழங்கு லாரிகள் வரிசையாக நிற்கும். தோலுரித்த கிழங்கை அரைக்கும் ராஸ்பர் மிஷின்தான் அங்கே எல்லாவற்றுக்கும் முதல். அது நின்றால் தொட்டிக்கு மாவுப்பால் இறங்காது. பால் இறங்காவிட்டால் களத்தில் காயவைக்க ஒன்றும் இருக்காது.

அந்த மிஷினில் அனிதாவும் ஜெபமலரும் ஜோடி. மேலேயிருந்து கிழங்கைக் கொட்டுவதும், நார் அடைத்துக்கொண்டால் மிஷினை நிறுத்தச் சொல்லி உள்ளே கைவிட்டு எடுப்பதும் அவர்கள் வேலை. நார் ஒரு நாளில் பலமுறை அடைக்கும். ராஸ்பர் என்பது பல் பல்லாகத் தகடு பதித்த ஓர் உருளை. கிழங்குக்கும் கைக்கும் அது வித்தியாசம் பார்க்காது.

மோட்டாரை ஓட்டும் பொத்தான் சுவருக்கு அந்தப் பக்கம், கரண்ட் போர்டு இருக்கும் அறையில் இருந்தது. போர்டைப் பார்த்துக்கொள்ளும் கதிருக்கு அங்கிருந்து மிஷின் தெரியாது. மிஷினில் நிற்பவர்களுக்குக் கதிர் தெரியமாட்டான். சத்தம் போட்டுச் சொல்வதுதான் வழக்கம். தோல் சீவும் டிரம் பக்கத்திலேயே உருண்டுகொண்டிருக்க, சொன்னது காதில் விழாத நாள்தான் அதிகம்.

அனிதா வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே இதற்கு ஒரு வழி செய்துகொண்டாள். ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பீங்கான் ஃபியூஸ் கட்டை உண்டு. அதைப் பிடுங்கிவிட்டால் பச்சைப் பொத்தானை எத்தனை முறை அமுக்கினாலும் மோட்டார் அசையாது. நார் எடுக்கப் போகுமுன் அவளே போய்க் கட்டையைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுப் பொத்தான் மாட்டிக்கொள்வாள். வேலை முடிந்ததும், பெல்ட்டை மூடும் கம்பிக்கூண்டை மாட்டி, ஜெபமலர் வெளியே வந்துவிட்டாளா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, அதன் பிறகே கட்டையைக் கொண்டுபோய்க் கதிர் கையில் கொடுப்பாள். இடையில் யார் கேட்டாலும் தரமாட்டாள்.

அவளுடைய கணவன் வளவன் லாரி டிரைவர். வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்க்கும்போது சாவியைக் கிளீனரிடம்கூடக் கொடுக்காமல் அரைஞாண் கயிற்றில் முடிந்துகொள்வான். அவனிடமிருந்து வந்த பழக்கம் இது. சட்டையும் அவனுடையதுதான். சேலைக்கு மேல் வீட்டு ஆண்களின் பழைய சட்டையைப் போட்டுக்கொள்வது அந்தப் பக்கத்து மில்களில் எல்லாப் பெண்களும் செய்வது. மற்றவர்களுக்கு அது தொளதொளவென்று தொங்கும். அனிதா சட்டைக் கைகளை முழங்கையோடு வெட்டி, உடம்போடு ஒட்டிப் பிடிக்கும்படி தைத்திருந்தாள்.

"மில்லு மொதலாளி கையில இல்லீங்க, எங்க அனிதாக்கா பையில இருக்குது" என்று கதிர் கிழங்கு லாரிக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பான்.

"ஆமாண்டா. உன்ற வேலையும் அதுக்குள்ளதான் இருக்குது, ஞாவகம் வெச்சுக்கோ."

"ரெண்டு நிமிச வேலைக்கு இத்தன ரவுசு எதுக்குக்கா?"

"ரெண்டு நிமிசத்துல கை போவுமா போவாதான்னு நீ வந்து உள்ள உட்டுப் பாரு, நான் அங்க போயி பொத்தான அமுக்கறேன்."

ஜெபமலர் முக்காட்டுக்குள் சிரித்துக்கொள்வாள். அவள் அனிதாவை விட மூத்தவள். இதற்கு முன் இருந்த மில்லில் விரல் நுனி ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்தவள். இங்கே வந்த பிறகுதான் உருளைக்குள் கையை விடும்போது கண்ணை மூடிக்கொள்ளாமல் இருக்கப் பழகியிருந்தாள்.

ஆயுத பூசை அன்று மில் ஓடாது. முதல் நாளே எல்லாவற்றையும் கழுவித் துடைத்துப் பெயிண்ட் அடித்துவிடுவார்கள். பெல்ட் கூண்டைக் கழற்றிப் பச்சைப் பெயிண்ட் அடித்துச் சுவரோரம் சாய்த்திருந்தார்கள். அது இன்னும் காயவில்லை. பூசை முடிந்ததும், நல்ல நேரம் போவதற்குள், வெறும் மிஷினை ஒரு நிமிடம் ஓட விட்டு நிறுத்துவது கண்ணுசாமியின் அப்பா காலத்து வழக்கம். பொத்தானை அமுக்குவது வீட்டார் யாராவது ஒருவர். அந்த வருடம் புது மருமகள் சாரதாமணியை அழைத்து வந்திருந்தார்கள். அவள் அப்போது மாசமாக இருந்தாள்.

வேலைக்காரப் பெண்கள் எல்லோரும் நல்ல சேலை கட்டி வந்தார்கள். சட்டை யாரும் போடவில்லை. அனிதாவின் சட்டை ராஸ்பருக்குப் பக்கத்துச் சுவரில் ஆணியில் தொங்கியது. அவள் கத்தரிப்பூ நிறச் சேலையில், நீளமாகப் பூ வைத்து, கல்யாண வீட்டுக்குப் போகிறவள் போல இருந்தாள். ஜெபமலர் வேதக்காரி. பூசையில் கும்பிட மாட்டாள். ஆனால் வருடா வருடம் தரையைக் கழுவிக் கோலத்துக்கு இடம் செய்து கொடுப்பவள் அவள்தான். அன்றும் ஓரமாக நின்றிருந்தாள்.

ஸ்பேனர்கள், சுத்தியல், கிழங்கு வெட்டும் கத்திகள் எல்லாம் ஒரு பெரிய பித்தளைத் தாம்பாளத்தில் சந்தனம் குங்குமத்தோடு இருந்தன. கண்ணுசாமியின் மனைவி முத்தாயம்மாள் கூட்டத்தில் அனிதாவைத் தேடி வந்தாள்.

"அம்மிணி, உன்ற கட்டையக் கொண்டா. அதையும் பூசைல வெக்கோணுமல்ல."

காலையில் மிஷினுக்குப் பொட்டு வைக்கப் போனபோதே அனிதா கட்டையைப் பிடுங்கி இடுப்பில் செருகியிருந்தாள். அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"அது எதுக்குங்க? என்றகிட்டயே இருக்கட்டுமுங்க. ஓட்டறப்பக் குடுக்கறேன்."

"இதென்னடா கூத்து! மில்லுக்கே உசுரு அதுலதான் இருக்குது. அதுக்குப் பொட்டு வெக்காம சுத்தியலுக்கு வெப்பாங்களா? முடிஞ்சதும் உன்ற கைக்கே வந்துரும், குடு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அனிதாவும் சிரித்தாள். கட்டையை எடுத்து நீட்டிவிட்டு, விடுவதற்கு முன் சொன்னாள்:

"என்னையக் கேக்காம மாட்டீராதீங்கோ."

முத்தாயம்மாள் தலையாட்டிக்கொண்டே வாங்கிப் போனாள். இரண்டடி தள்ளி நின்ற ஜெபமலருக்கு அது தெளிவாகக் கேட்டது.

தீபாராதனை முடிந்தது. பக்கத்து மில்காரர்கள் அழைத்து வந்திருந்த மேளம் முழங்கியது. நல்ல நேரம் போகிறது என்று யாரோ அவசரப்படுத்த, தாம்பாளத்தோடு கூட்டம் போர்டு அறைப் பக்கம் நகர்ந்தது. மிஷினின் வாயில் போட்டிருந்த செவ்வந்தி மாலை ஒரு பக்கமாகச் சரிந்து, அதன் நுனி பெல்ட் சக்கரத்தின் மேல் கிடப்பதை அனிதா பார்த்தாள்.

"ஓட்டுனா இது சுத்திக்குமுங்கக்கா. கூண்டு வேற இல்ல" என்றாள் ஜெபமலரிடம். "எடுத்து மேல போட்டுட்டு வாரேன். எனக்கும் சேத்திப் பொரி வாங்கி வெய்யுங்க."

கட்டை தட்டில் இருக்கிறது, தட்டு தன்னைத் தேடி வரும் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். தட்டு சுவருக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. அவள் குனிந்தாள். மேளம் வேகம் பிடித்தது. சுவருக்கு அப்பால் கைதட்டல் கேட்டது.

மோட்டார் உறுமியது. ஜெபமலர் கத்தியது மேளத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஓடிப்போய்ச் சேலையைப் பிடித்து இழுத்தாள். கையோடு வந்தது கிழிந்த துணிதான். ஒரு நிமிடம் ஓட விட்டு நிறுத்துவது வழக்கம். வழக்கப்படி அந்த ஒரு நிமிடம் ஆன பிறகுதான் நிறுத்தினார்கள்.

வளவன் அப்போது முட்டை லோடு இறக்கிவிட்டு மகாராஷ்டிராவில் நின்றிருந்தான். மில்லிலிருந்து யாரோ அவனுக்கு ஃபோனில் சொன்னது ஒரே வாக்கியம்: "ஓடற மிஷின்ல கைய உட்டுட்டாங்க." அந்த வாக்கியம்தான் பிறகு ஆஸ்பத்திரிக்கும் போனது, போலீசுக்கும் போனது, துக்கம் கேட்க வந்தவர்கள் வாய்க்கும் போனது. வளவனின் தாய் ராசம்மாள் வந்தவர்களிடமெல்லாம் அதையே சொல்லி அழுதாள்.

"கெட்டிக்காரின்னு இருந்தனே. இப்பிடி அசந்து போயிட்டாளே பாவி."

ஜெபமலர் காய்ச்சலில் படுத்துவிட்டாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. காரியத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் கண்ணுசாமி அவள் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன் அவர் அந்தத் தெருவுக்குள் வந்ததில்லை. செருப்பை வெளியே விட்டு உள்ளே வந்தவர், அவள் நாற்காலியை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை. ஒரு பக்கம் மழிக்காத தாடி வெள்ளையாக நின்றது.

"சேலத்துல இருந்து ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வாராரு. உன்னையத்தான் மொதல்ல கேப்பாரு."

"ஆமாங்க."

"என்ற மேல என்ன கேசு வேணும்னாலும் போடட்டும். நான் போயி நின்னுக்கறேன். கூண்டு இல்லாம ஓட்டுனது என்ற தப்பு, அதைச் சொல்லு, வேண்டாங்கல." கொஞ்ச நேரம் சுவரில் இருந்த இருதய ஆண்டவர் படத்தைப் பார்த்தார். "சாரதாமணி விசயம் ஒண்ணுதான். மிஷினு ஓட ஆரம்பிச்சப்பறந்தான் அனிதா உள்ள போச்சுன்னு அந்தப் புள்ளகிட்ட சொல்லி வெச்சிருக்கறோம். சொவத்துக்கு அந்தப் பக்கம் நின்னவளுக்கு என்ன தெரியும்? நம்பிட்டுது. அதனால சோறு திங்குது, தூங்குது. இல்லைன்னு தெரிஞ்சா என்ன ஆகும்னு நெனச்சுப் பாரு. வகுத்துல புள்ள இருக்குது சாமி."

ஜெபமலர் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்: "அனிதா அசந்துட்டான்னு ஊரே பேசுதுங்க."

"போனவளுக்கு இனி என்ன தெரியப் போவுது? இருக்கறவளப் பாக்கோணுமல்ல."

அவள் கொடுத்த தண்ணீரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். குடிக்காமல் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காரிய வீட்டில், பந்தி நடந்துகொண்டிருக்கும்போது வளவன் அவளைத் தேடிப் பின்பக்கம் வந்தான். மொட்டையடித்த தலையில் துண்டு கட்டியிருந்தான்.

"அக்கா, பக்கத்துல இருந்தது நீங்க மட்டுந்தான். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. கட்டையப் பிடுங்காம உள்ள போனாளா?"

ஜெபமலர் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தாள்.

"அப்பறம் சொல்றேன் தம்பி."

"அப்பறம்னா? ஆமாங்கறதா, இல்லீங்கறதா?" அவன் குரலை உயர்த்தவில்லை. "நான் வண்டிக்கடியில படுத்தா ஃபோன் போட்டுச் சாவி எங்க இருக்குதுன்னு கேப்பா. இடுப்புல இருக்குது தாயின்னு சொன்னாலும் உடமாட்டா. தொட்டுப் பாத்துட்டுச் சொல்லுன்னுவா. அவளா?"

உள்ளேயிருந்து ராசம்மாளின் ஒப்பாரி கேட்டது. அதிலும் அந்த வார்த்தைதான் வந்தது: அசந்துட்டாளே. வளவன் கதவைப் பார்த்தான், பிறகு ஜெபமலரைப் பார்த்தான். அவள் புறப்பட்டு வந்துவிட்டாள்.

சில நாளில் கல்லறைத் திருநாள் வந்தது. ஜெபமலர் தன் அப்பா அம்மா கல்லறையில் பூ வைத்து மெழுகுவத்தி ஏற்றினாள். ஒரு வத்தியை அதிகமாக வாங்கியிருந்தாள். அனிதாவை எரித்துவிட்டார்கள், அவளுக்கென்று வைக்க இடமில்லை. சுற்றுச்சுவரின் அடியில் மண்ணைக் குவித்து அதில் நட்டாள். காற்றுக்கு அது நிற்கவில்லை. கையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு பொத்தான் முன்னால் நின்ற அந்தப் பெண்ணின் முகமும் நினைவுக்கு வந்தது. அவளுக்கு இருபது வயதுதான் இருக்கும். யாருக்காக வாய் திறந்தாலும் இன்னொருத்திக்குக் கேடு என்பது அங்கே உட்கார்ந்திருந்த நேரத்தில் மாறவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று மில் ஓடவில்லை. வளவன் காலையிலேயே வந்து கேட்டருகில் நின்றிருந்தான். கண்ணுசாமியே போய் உள்ளே கூப்பிட்டும், அங்கேயே நிற்பதாகச் சொல்லிவிட்டான். பிறகு இன்ஸ்பெக்டர் கூப்பிட்டனுப்ப, வந்து ராஸ்பர் கொட்டகையின் வாசலில் நின்றான். சாரதாமணியும் வரவேண்டியிருந்தது, பொத்தானை அமுக்கியவள் என்பதால். மாமியாருக்குப் பின்னால், முந்தானையை இழுத்துப் போர்த்தி நின்றாள்.

இன்ஸ்பெக்டர் ஐம்பது வயதுக்காரர், அதிகம் பேசாதவர். பெல்ட்டைப் பார்த்தார், கூண்டைத் தூக்கிப் பார்த்தார். பச்சைப் பெயிண்ட் இப்போது நன்றாகக் காய்ந்திருந்தது. போர்டு அறைக்குப் போய் அந்தப் பீங்கான் கட்டையைக் கையில் எடுத்து வந்தார். அதன் பள்ளத்தில் சந்தனம் காய்ந்து கெட்டியாக இருந்தது.

"மிஷினைச் சுத்தம் செய்யும்போது இதைப் பிடுங்கி வைத்துக்கொள்வது வழக்கம் என்கிறார்கள். அன்றைக்கு இந்தக் கட்டை யார் கையில் இருந்தது?"

கதிர் தரையைப் பார்த்தான். முத்தாயம்மாள் கணவனைப் பார்த்தாள்.

"அது போர்டுலயேதானுங்க இருந்துச்சு" என்றார் கண்ணுசாமி. "அந்தம்மா பிடுங்காமப் போயிட்டாங்க."

வாசலில் நின்ற வளவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"இல்லீங்க" என்றாள் ஜெபமலர்.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் இன்ஸ்பெக்டரைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்துச் சொன்னாள்.

"பூசைத் தட்டுல இருந்துச்சுங்க. காலைலயே பிடுங்கி இடுப்புல வெச்சிருந்தா. பொட்டு வெக்கோணும்னு பெரியம்மா கேட்டாங்க. குடுக்க மனசில்ல. என்னையக் கேக்காம மாட்டீராதீங்கோன்னு சொல்லித்தான் குடுத்தா. அவ போறப்ப மிஷினு நின்னுட்டுத்தான் இருந்துச்சுங்க. மாலை பெல்ட்டுல கெடந்துச்சு, ஓட்டுனா சுத்திக்குமேன்னு எடுத்து உடப் போனா. அவ அசரல."

"ஜெபமலரு..." என்றாள் முத்தாயம்மாள்.

"நின்னுட்டு இருந்துச்சா?" சாரதாமணி மாமியாரை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "அப்போ நான் அமுக்கறப்பவா?"

கண்ணுசாமி கண்களை மூடிக்கொண்டார். ஜெபமலர் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்குத் தெரியாது சாமி. சொவரு மறைச்சிருச்சு. ஆள் உள்ள இருக்குதுன்னு உங்கிட்ட ஒருத்தருஞ் சொல்லல."

"அந்தக்கா கத்துனாங்களா?"

"இல்ல கண்ணு. நாந்தான் கத்துனேன்."

சாரதாமணி மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. வலது கையை மடியில் மல்லாத்தி வைத்து, அது யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். முத்தாயம்மாள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த அழுகையில் அனிதா பேரும் வந்தது.

இன்ஸ்பெக்டர் நீண்ட நேரம் எழுதினார். பிறகு, கட்டையைப் பிடுங்கி வைப்பது போதாது, மெயினுக்கே பூட்டு வேண்டும், உள்ளே இறங்குகிறவர்தான் சாவியை வைத்திருக்க வேண்டும், கூண்டு இல்லாமல் எந்த நாளிலும் ஓட்டக்கூடாது என்று கண்ணுசாமியிடம் சொன்னார்.

"சாவியாயிருந்தாலும் தட்டுல வெச்சிருப்பாங்க சார்" என்றான் கதிர். "அம்மா வந்து கேக்கறப்ப எப்பிடிங்க குடுக்காம இருக்கறது? கட்டைய மாட்டுனது நானுங்க. தட்டுல வந்துச்சுல்ல, அக்கா குடுத்து உட்டதுன்னு மாட்டிட்டேன். எட்டிப் பாக்கல."

இன்ஸ்பெக்டர் அவனை நிமிர்ந்து பார்த்தார். அவன் மாட்டியதை எழுதிக்கொண்டார். முதலில் சொன்னதை எழுதவில்லை.

வளவன் உள்ளே வந்தான். யாரையும் பார்க்காமல் ராஸ்பர் பக்கம் போய், ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்தான். அத்தனை நாள் அதை யாரும் தொட்டிருக்கவில்லை. மாவு படிந்து விறைத்திருந்தது. பையின் பொத்தானைக் கழற்றி விரலை விட்டுப் பார்த்தான். கட்டை உரசி உரசித் துணி அந்த இடத்தில் மெலிந்து போயிருந்தது.

"அம்மாகிட்ட நீங்க ஒருதரம் வந்து சொல்லோணுமுங்கக்கா" என்றான் ஜெபமலரிடம். "நான் சொன்னா, பொண்டாட்டிக்குப் பரிஞ்சு பேசறேன்னுதான் நெனைக்கும்."

"இப்பவே வாரேன் தம்பி."

அவன் பொத்தானைத் திரும்ப மாட்டினான். பிறகு ஏதோ தோன்றியவனாக, போட்டிருந்த சட்டைக்கு மேலேயே அதையும் போட்டுக்கொள்ளப் பார்த்தான். மூன்று வருடத்துக்கு முன்பு வரை அவன் அணிந்த சட்டைதான். கை முழங்கைக்கு மேல் ஏறவில்லை. அவள் அவ்வளவு ஒட்டத் தைத்திருந்தாள். இழுத்துப் பார்த்தான், தையல் விடவில்லை. கழற்றவும் மனம் இல்லாமல், ஒரு கை அதில் மாட்டியபடியே கேட்டைத் தாண்டி நடந்தான். ஜெபமலர் பின்னால் போனாள்.